கனடா குமரனின் புகார்

"சிங்கப்பூர்ல எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருதாம்" என்றான் டெனின். தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

கெஸியா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே, "யாருக்குங்க?" என்று கேட்டாள்.

"சிங்கைச்செல்வன்னு ஒருத்தர். நம்ம வளைகோட்ட விண்டோஸ்ல போட்டுப் பாத்திருக்காரு. நெசமாவே போட்டுப் பாத்திருக்காரு கெஸியா."

அந்த 'நெசமாவே'வுக்குள் பல வருட ஏக்கம் இருந்தது. வளைகோடு என்பது டெனின் எழுதிய நிரல் நூலகம். எண்களைக் கொடுத்தால் அழகான வரைபடமாக வரைந்து தரும். தலைப்பு முதல் அடிக்குறிப்பு வரை எல்லாம் தமிழில் வரும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தான். திறந்ததோடு சரி, ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். குறை சொல்லக்கூட ஆள் இல்லாவிட்டால் மனிதன் என்னதான் செய்வான்? இப்போது உலகத்திலேயே முதல் ஆளாக ஒருவர் வந்திருக்கிறார். அவரை விட்டுவிடக்கூடாது என்பதைத் தவிர டெனினுக்கு வேறு சிந்தனை ஓடவில்லை.

சிக்கல் என்னவென்றால், அவனிடம் இருந்தது லினக்ஸ் ஓடும் ஒரு பழைய மடிக்கணினி. அதற்குள் இன்னோர் இயங்குதளத்தை ஏற்றினால் அதற்கு மூச்சு வாங்கும். விண்டோஸில் என்ன ஆகிறது என்று பார்க்க விண்டோஸ்தான் வேண்டும்.

"உங்க ஸ்கூல் லேப்ல பாக்கலாமா?"

"வெளியாளுக பென்டிரைவ் உள்ள வரக்கூடாதுன்னு சிஸ்டர் ஸ்ட்ரிக்ட்டா சொல்லியிருக்காங்க" என்றாள் அங்கே கணக்கு டீச்சராக இருக்கும் கெஸியா. "கீழ பஜார்ல ரஹீம் பாய் கடையில விண்டோஸ்தானுங்க. ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்களேன்."

டெனினுக்குக் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் வேலை, ஆனால் வீட்டில் இருந்தபடியே. குன்னூர் மேட்டின் பாதி வழியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வீட்டை விட்டு அவன் இறங்குவது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும், அதுவும் ஆட்டோவில். ஆனால் இது சிங்கப்பூர் விவகாரம். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

ரஹீம் பாயின் கடை, ஜெராக்ஸும் பிரவுசிங்கும் பஸ் டிக்கெட்டும் சேர்ந்தது. டெனின் வளைகோட்டை ஓடவிட்டதும், பச்சைத் தேயிலை விலை என்று வரவேண்டிய தலைப்பு வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகளாக வந்து நின்றது.

"பாத்தீங்களா பாய், தமிழே வரல."

பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஏனுங் சார், பாக்க டைல்ஸ் டிசைனாட்ட நல்லாத்தான இருக்குது."

தமிழ் எழுத்துருவையும் நூலகத்துக்குள்ளேயே சேர்த்துக் கட்டியபோது சரியாகிவிட்டது. டெனின் மூச்சிரைக்க மேடேறி வீடு வந்து, "அன்புள்ள சிங்கைச்செல்வன் அவர்களுக்கு, தங்கள் மேலான கவனத்துக்கு நன்றி" என்று பதில் எழுதினான். கெஸியாவிடம் அவன் இத்தனை மரியாதையாகப் பேசியது கோயிலில் அவர்கள் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த காலத்தோடு சரி.

மறுநாள் கனடாவிலிருந்து ஒருவர் முளைத்தார். பெயர் கனடா குமரன். "என்னுடைய மேக் கணினியில் கொம்புகள் எல்லாம் எழுத்தை விட்டு விலகி, பங்காளிச் சண்டை போட்டவை போலத் தனித்தனியாக நிற்கின்றன" என்று எழுதியிருந்தார்.

டெனினுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "கனடா, கெஸியா. வெளிய பனி கொட்டிட்டு இருக்கும். மனுசன் உள்ள உக்காந்து நம்ம வளைகோட்ட ஓட்டிட்டு இருக்காரு."

"பாவம், குளுருல காக்க வெக்காதீங்க" என்றாள் கெஸியா. "நம்ம கோயில் ரொனால்ட் அண்ணன் போட்டோ ஸ்டுடியோவுல மேக்குதான வெச்சிருக்காரு?"

"அது மேல உச்சீல இருக்குது. படிக்கட்டு வழி, ஆட்டோ போகாது."

"கனடாக்காரருக்கு அதெல்லாம் எப்படீங்க தெரியும்?"

பேச்சில் நியாயம் இருந்தது. டெனின் படியேறினான். பாதியில் ஒரு முறை சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலே வந்தவனைப் பார்த்து ரொனால்ட், "ஏனப்பா, யாராச்சும் தொரத்துனாங்களா?" என்று கேட்டு, கல்யாண ஆல்பத்தை ஓரமாகத் தள்ளி இடம் கொடுத்தான்.

எழுத்துகளைக் கோக்கும் பகுதியையே மாற்றி, புதிய ஒன்றைப் பொருத்தினான். மேக்கில் கொம்பும் எழுத்தும் சமாதானமாயின. அன்று மாலையே சிங்கைச்செல்வனிடமிருந்து செய்தி: "இப்போது வளைகோடு விண்டோஸில் திறக்கவே மறுக்கிறது."

மறுபடியும் பஜார். அந்தப் புதிய பகுதி விண்டோஸுக்குப் பிடிக்கவில்லை. விண்டோஸுக்கு மட்டும் படம் வரைய வேறு வழியைத் திருப்பிவிட்டான். பாயின் கணினியில் வரைபடம் கச்சிதமாக வந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கனடாவிலிருந்து ஓலை: "என் மேக்கில் படம் தலைகீழாக வருகிறது."

மறுபடியும் உச்சி. சில அமைப்புகள் திரையை மேலிருந்து கீழாக எண்ணும், சில கீழிருந்து மேலாக எண்ணும். ஒன்றுக்குச் செய்த வைத்தியம் இன்னொன்றைக் குப்புறக் கவிழ்த்திருந்தது. ரொனால்ட் திரையைப் பார்த்ததும் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனுக்கும் துண்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்று உண்டு.

"பச்சத்தேயில வெல இப்பிடியா ஏறிட்டிருக்குது? யாரும் சொல்லவேயில்ல."

"ஏறல. இறங்கிட்டிருக்குது. படம் தலகீழா இருக்குது, அதத்தான் சரி பண்ண வந்தேன்."

ரொனால்ட் படத்தை இன்னொரு தரம் பார்த்தான். "இத இப்பிடியே உட்டுட்டா என்ன, டெனினு? பாக்க மனசுக்கு நல்லாயிருக்குது."

விலையைக் கீழே இறக்கிவிட்டுத்தான் டெனின் கிளம்பினான். ரொனால்ட் டீ கூடத் தரவில்லை.

இப்படியே கீழும் மேலுமாக நாட்கள் ஓடின. ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் இடித்தது. நடுவில் ஒரு நாள் அவனுடைய சொந்த லினக்ஸிலேயே வளைகோடு வெறும் வெள்ளைத் தாளை நீட்டியது. கம்பெனி மேலாளர் போனில் கூப்பிட்டபோது டெனின் படிக்கட்டில் நின்று, "நெட்வொர்க் சரியில்லீங்க" என்று மூச்சிரைத்தான். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் கெஸியாவிடம், "ஊட்டுக்காரரு ஏதாச்சும் எல்ஐசி ஏஜென்சி எடுத்திருக்காருங்களா டீச்சர்?" என்று விசாரித்தார்கள்.

அப்போதுதான் இடி விழுந்தது. கனடா குமரன் எழுதியிருந்தார்: "தங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் இந்த முறையும் சரியாகவில்லையென்றால் வேறு நூலகத்துக்குப் போவதைத் தவிர எனக்கு வழியில்லை."

டெனின் அன்று இரண்டு தோசையோடு எழுந்துவிட்டான். கண்ணில் ஈரம் நின்றது.

"போறாருன்னா போகட்டும்னு உட்டுறலாமா?" என்றான்.

கெஸியா அவன் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டதுபோல இருந்தது. பிறகு, "அவரு போக மாட்டாருங்க. உங்க மேல நம்பிக்கை இருக்கறதாலதான இத்தன தடவ எழுதறாரு" என்றாள்.

அந்த வார்த்தை அவனுக்குத் தெம்பாக இருந்தது. அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தான். ஒட்டுப்போடும் வேலையெல்லாம் போதும் என்று முடிவு செய்து, வரையும் கணக்கு முழுவதையும் ஓர் இடத்தில் வைத்தான். எந்த இயங்குதளத்துக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்பதை மட்டும் தனித்தனிச் சிறு கோப்புகளாகப் பிரித்தான். சம்பந்தி வீட்டாரை வெவ்வேறு பந்தியில் உட்கார வைப்பது மாதிரிதான் அது. பிறகு கீழே இறங்கிப் பார்த்தான். மேலே ஏறிப் பார்த்தான். பாய் கடையிலும், ரொனால்ட் ஸ்டுடியோவிலும், தன் வீட்டு மேசையிலும் ஒரே படம், ஒரே எழுத்து, ஒரே இறங்குமுகம். ஏறும்போது மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்பதை அவன் கவனிக்கக்கூட இல்லை.

சிங்கைச்செல்வன், "அருமை" என்று எழுதினார். கனடா குமரன் ஒரு பாராவே எழுதினார். தங்களைப் போன்ற பொறுமைசாலியை நான் கண்டதில்லை என்று அதில் ஒரு வரி. டெனின் அதைப் பலமுறை படித்தான். கெஸியாவுக்கும் வாசித்துக் காட்டினான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் அவனை மட்டும் டாக்டர் முனவ்வராவிடம் அனுப்பிவைத்தாள். சர்க்கரைக்கு வழக்கமாகப் பார்ப்பதுதான். போன தடவை அந்த அம்மாள், தினமும் நடக்காவிட்டால் ஊசிதான் என்று சொல்லியிருந்தார். டெனின் அதற்கு, வேலை அப்படி, நேரம் எங்கே இருக்கிறது என்று நீளமாகக் காரணம் சொல்லிவிட்டு வந்திருந்தான். இன்றைக்கும் அதே காரணத்தைத் தயாராகத்தான் கொண்டு வந்திருந்தான்.

டாக்டர் மேசையிலிருந்த தன் மேக் கணினியில் ரிசல்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நல்லா எறங்கியிருக்குதுங்களே. பிரஷரும் நார்மல். ஊசியே வேண்டாம். அப்படி என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க டாக்டர்" என்றான் டெனின். "நமக்கு வாக்கிங் போகவெல்லாம் எங்கீங்க நேரம்? வெளிநாட்டுல நம்மள நம்பி ரெண்டு பேரு இருக்காங்க. சிங்கப்பூர்ல ஒருத்தரு, கனடாவுல ஒருத்தரு. அவங்களுக்காகக் கொஞ்சம் ஓட வேண்டியிருந்துச்சு. இப்ப எல்லாம் முடிஞ்சுது. இனி உக்காந்து நிம்மதியா வேலையப் பாக்கலாம்."

டாக்டர் ஏனோ அவன் முகத்தைப் பார்க்காமல், சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

அப்போது திரைச்சீலையை விலக்கிக்கொண்டு, இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் ஃபெபி போனும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர், கெஸியா டீச்சர் லைன்ல இருக்காங்க. அடுத்த புகார மேட்டுப் பக்கமா எழுதறதா, பள்ளத்துப் பக்கமா எழுதறதான்னு கேக்கறாங்க."