நீ கேஷுவல்டி

நான் ஒருமுறை செத்துப் போயிருக்கிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. கையில் கறுப்பு அட்டை கட்டி, ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, ஊரே சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, முறைப்படி செத்தேன். அதற்குக் காரணம் என் காது. நல்ல காதுதான். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று இன்றைக்கும் சொல்லிவிடும். ஆனால் மனதுக்குள் ஒரு பயத்தை வைத்துக்கொண்டு நடமாடினால், காது மற்ற எல்லாச் சத்தத்தையும் தள்ளிவிட்டு அந்தப் பயத்துக்குத் தீனியாகும் சொல்லை மட்டும் பொறுக்கி எடுத்து வருகிறது. அது எப்படி என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என்ன பயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு வந்து, ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் டிரெய்னியாக இருந்தேன். டிரெய்னி காலம் முடிகிற நேரம். அடுத்த வாரம் இன்டர்வியூ. தேறினால் பெர்மனென்ட். தேறாவிட்டால் கேஷுவல், அதாவது காண்டிராக்டர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் ஹாஸ்டல் ஃபேனை எண்ணிக்கொண்டு படுத்திருக்கலாம் (இருப்பதே ஒரு ஃபேன், அதுவும் சுத்தாது). பெர்மனென்ட் ஆகவில்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து கல்யாணத்துக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தாள். எனவே ‘கேஷுவல்’ என்ற சொல்லைக் கேட்டாலே என் காது அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

எங்கள் கம்பெனிக்குப் பின்னால் ஓர் ஏரி உண்டு. கடல் இங்கிருந்து கண்ணுக்கெட்டாத தூரம்தான். ஆனாலும் சென்னையை நோக்கிப் புயல் வருகிறது என்று டிவியில் சொன்னால், சென்னைக்காரர்கள் பால் பாக்கெட் வாங்க ஓடுவார்கள், நாங்கள் ஏரிக்கரையைப் பார்க்க ஓடுவோம். எங்கள் ஊரில் தண்ணீர் வந்தால் கும்பிடுவோம். இங்கே தண்ணீர் வந்தால் ஓட வேண்டும் என்பதே எனக்குப் புதிய பாடமாக இருந்தது. ஏரி உடைந்தால் என்ன செய்வது என்று பழகுவதற்காக, அந்த வருடம் மழைக்கு முன்னால் கம்பெனியும் பக்கத்து ஊர் மக்களும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து ஓர் ஒத்திகை நடத்த முடிவு செய்திருந்தார்கள். நோட்டீஸ் போர்டில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்களாம். இன்டர்வியூ கவலையில் இருந்த நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எங்கள் சூப்பர்வைசர் தயாளன் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். லைனில் வேலை செய்யும் எல்லாப் பெண்களையும் ‘ம்மா’ போட்டுத்தான் கூப்பிடுவார். கோபம் வந்தால் இரண்டு ‘ம்மா’ போடுவார். அந்த வெள்ளிக்கிழமை மதியம், லைன் ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சலில், கையில் ஒரு தாளோடு ஒவ்வொருவரிடமும் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தபோது பாதி இரைச்சலில் போய்விட்டது. என் காது பொறுக்கியது இவ்வளவுதான்:

“ஹெச்.ஆர்.ல சொல்ட்டாங்கோ… நாளைக்கு… நீ கேஷுவல்டி.”

நீ கேஷுவல், டீ.

கை அப்படியே நின்றுவிட்டது. இன்டர்வியூவே நடக்காமல் என்னைக் கேஷுவல் ஆக்கிவிட்டார்கள் என்பது ஒரு பக்கம். ஒருநாளும் மரியாதை குறையாமல் பேசிய மனிதர், கேஷுவல் ஆன அந்த நொடியிலேயே ‘டீ’ போட்டுவிட்டார் என்பது இன்னொரு பக்கம். எது அதிகமாக வலித்தது என்று கேட்டால் இரண்டாவதுதான். “என்ன சார் சொன்னீங்க?” என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் கேட்கவில்லை. ரோஷக்காரியாம்.

ஷிஃப்ட் முடிந்ததும் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டு அழுதேன். அப்பா மினி பஸ் டிரைவர். ஹாரன் வேலை செய்யாத நாட்களில் குரலாலேயே வண்டி ஓட்டக்கூடியவர். வேலை போன கதையைப் பொறுமையாகக் கேட்டார். சூப்பர்வைசர் பேசிய விதத்தைச் சொன்னதும்தான் குரல் மாறியது.

“வேல கெடக்கட்டும் தாயி. ஒன்னய டீ போட்டானா?”

“போட்டாருப்பா.”

“நாளைக்குக் காலையில நான் அங்க நிக்கேன்.”

போன் வைத்தாயிற்று. வேண்டாம் என்று சொல்ல மறுபடி கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப் (சார்ஜ் போடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற பரம்பரை எங்களுடையது).

மறுநாள் காலை வீங்கிய முகத்தோடு கம்பெனிக்குப் போனேன். சேஃப்டி ஆபீசர் மேடம் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உனக்கு மேக்கப்பே வேண்டாம் போலிருக்கிறதே என்றார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒத்திகையில் அடிபட்டவர்களாக நடிப்பவர்களுக்குப் பெயர் கேஷுவல்டி. ஹெச்.ஆர். கொடுத்த பெயர்களில் நானும் ஒருத்தி. தயாளன் சார் நேற்று அதைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு நிம்மதியில் அழுகை வந்தது. மேடம் அதையும் நடிப்புக்கான தயாரிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

அப்பாவுக்கு மறுபடி முயன்றேன். அதே ஸ்விட்ச் ஆஃப். வந்தால் கேட்டில் உட்கார வைப்பார்கள், ஒத்திகை முடிந்ததும் போய் விளக்கிவிடலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதற்குள் என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிணத்துக்கு எதற்குப் போன்?

ஆமாம், பிணம். அடிபட்டவர்களின் கையில் ஒரு கலர் அட்டை கட்டுவார்கள். சிவப்பு என்றால் உடனே கவனிக்க வேண்டியவர், மஞ்சள் என்றால் கொஞ்சம் காத்திருக்கலாம், பச்சை என்றால் தானே நடந்து போய்விடுவார். கறுப்பு என்றால் இனிக் கவனிக்க ஒன்றுமில்லை. என் முகத்தைப் பார்த்துக் கறுப்பைக் கொடுத்தார்கள். தலையில் கட்டுப் போட்டு, ரத்தத்துக்காக ரோஸ்மில்க் எசன்ஸை ஊற்றினார்கள். வெளியூரிலிருந்து மதிப்பெண் போட ஒரு பார்வையாளர் வந்திருக்கிறார், பிளான்ட் மேனேஜரும் கூடவே இருப்பார், யார் வந்து என்ன செய்தாலும் அசையக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொன்னார். அடுத்த வாரம் இன்டர்வியூவில் உட்காரப் போகிறவரே அந்த மேனேஜர்தான். கல்லாகக் கிடப்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் எங்களை வரிசையாகக் கிடத்தினார்கள். ஏரி உடைந்துவிட்டது, எல்லோரும் பள்ளிக்கூட மாடிக்கு வாருங்கள் என்று மைக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை. ஊர் முழுக்க எங்கள் ஸ்ட்ரெச்சர்களைச் சுற்றித்தான் நின்றது. எசன்ஸுக்கு ஈ வேறு மொய்க்க ஆரம்பித்தது. என் தலைமாட்டில் நின்ற ஓர் அம்மாள், “தோ பாரு, பொணம் மூச்சு வுட்டுகினு கீது” என்று பக்கத்தில் இருந்தவளுக்குக் காட்டினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அதே நேரம் அப்பா கம்பெனி கேட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். இந்தக் காட்சியை அவரே பிற்பாடு பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார் என்பதால் நேரில் பார்த்ததுபோலவே சொல்லலாம். மகள் மாரீஸ்வரி எங்கே என்று கேட்டதற்கு செக்யூரிட்டி சாதாரணமாகச் சொன்ன பதில் இது:

“மாரீஸ்வரியா? அது கேஷுவல்டி சார். ஆம்புலன்ஸ்ல ஏத்திகினு ஸ்கூலாண்ட போய்ட்டாங்கோ.”

செக்யூரிட்டியும் டீ போடுகிறானே என்று கொதித்தவர், ‘ஆம்புலன்ஸ்’ என்ற சொல் உள்ளே இறங்கியதும் கொதிப்பெல்லாம் அடங்கி ஓட ஆரம்பித்திருக்கிறார். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கோபத்தில் சாப்பிடாமல் வந்த மனிதர்.

நான் கேட்டது செருப்புச் சத்தம். அப்பாவின் செருப்பு எனக்குத் தெரியும். ஒரு கண்ணை மட்டும் மயிரிழை திறந்து பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் காலடியில் நின்றார். என் தலைக்கட்டைப் பார்த்தார், ஈயைப் பார்த்தார், கறுப்பு அட்டையைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “மாரி” என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

என் பக்கத்தில் பார்வையாளரும் மேனேஜரும் நின்றிருந்தார்கள். இவர்கள் இரண்டு அடி நகர்ந்துவிட்டால் போதும், அப்பாவுக்கு ஜாடை காட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதுவரைக்கும் கால் கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தேன். அதைத் தலைமாட்டு அம்மாள் பார்த்தாள், அப்பா பார்க்கவில்லை. அவர் கண் என் முகத்தை விட்டு நகரவேயில்லை. அந்தச் சில விநாடிகள் வேலைக்காகக் கல்லாகக் கிடந்தேனே என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வரும். அப்பா அப்படியே சரிந்து தரையில் விழுந்தார்.

பார்வையாளர் மெச்சிக்கொண்டார். உறவினர் அதிர்ச்சியில் மயங்குவதைக்கூடச் சேர்த்திருக்கிறீர்களே, பிரமாதம் என்றார். முதலுதவிக் குழுப் பையன்கள் ஓடிவந்து அப்பாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அட்டை இல்லை. அட்டை இல்லாதவரை எந்த வரிசையில் சேர்ப்பது என்று அவர்களுக்குள் விவாதம் ஆரம்பித்தது.

நான் எழுந்தேன்.

அவ்வளவு நேரம் மைக்கில் கெஞ்சியும் அசையாத ஊர், பிணம் எழுந்து நின்றதும் ஒரே மூச்சில் பள்ளிக்கூட மாடியில் இருந்தது. அந்த ஒத்திகையில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான். மேடம் மட்டும் நின்ற இடத்திலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “மாரீஸ்வரி, படு. நீ இறந்துட்ட.”

“இல்ல மேடம், இது நெசம். இவரு எங்கப்பா.”

அதை எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. நெசம் என்று நான் கத்தக் கத்த, நடிப்பு நன்றாக இருக்கிறது என்று பார்வையாளர் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒத்திகைக்கு நடுவில் உண்மையை எப்படித்தான் சொல்வது? முதலில் நம்பியவர் தயாளன் சார். அப்பாவின் நெற்றியைத் தொட்டவர், சில்லென்று வியர்த்திருப்பதைப் பார்த்து ஆம்புலன்ஸ்காரரைக் கூப்பிட்டார். தூக்கிக்கொண்டு போக ஸ்ட்ரெச்சர் தேடினால் எல்லாவற்றிலும் ஆள் படுத்திருக்கிறார்கள். ஒருவரும் எழவில்லை. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே (எல்லாருக்கும் அடுத்த வாரம் இன்டர்வியூ). நான் கிடந்த ஸ்ட்ரெச்சரையே இழுத்து வந்து அப்பாவை ஏற்றினோம்.

ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. மைதானத்தில் நின்ற ஆம்புலன்ஸிலேயே ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அது ஏறும் நேரம் முழுக்க நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். பெர்மனென்ட், கேஷுவல் எதுவும் அப்போது என் நினைவில் இல்லை. கடைசியில் கண் திறந்தார். ரத்தக் கோலத்தில் குனிந்திருந்த என்னைப் பார்த்து மறுபடி மூடிக்கொண்டார். அடுத்தமுறை திறந்தபோது மூக்கை உறிஞ்சினார்.

“ஏன் தாயி ரோஸ்மில்க் வாசம் வருது?”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, எல்லாவற்றையும் சொன்னேன். பாதி புரிந்ததும் அவருக்கு வந்த காரியம் ஞாபகம் வந்துவிட்டது. தன் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தவரிடமே, இங்கே தயாளன் என்று ஒருத்தன் இருக்கிறானாமே, எங்கே அவன் என்று கேட்டார்.

“நான்தான் சார் தயாளன்.”

“எம் பிள்ளைக்கு டீ போட்டீராமே?”

தயாளன் சார் திகைத்துப் போனார். “நான் இன்னாத்துக்கு சார் டீ போடப் போறேன்? கேன்டீன்ல மெஷினு கீதே.”

என் அவமானம் அங்கே முழுமையடைந்தது. விளக்கம் சொல்லி முடித்தபோது மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். அவர் சிரித்தாரா, ஒத்திகை நாசமானதற்கு வருந்தினாரா என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் இன்டர்வியூவில் அவர் என்னிடம் ஒயரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நீதானே எழுந்து ஓடின பெண், அந்த ஒத்திகையில் என்ன தப்பு என்று கேட்டார். நடிக்கிற எங்களுக்கெல்லாம் ஸ்ட்ரெச்சர் இருந்தது, நெசமாக விழுந்தவருக்கு இல்லை சார் என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த சேஃப்டி மேடம், அதைத்தான் நாங்களும் யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்றார். இப்போது எங்கள் ஒத்திகைகளில் ஒரு ஸ்ட்ரெச்சர் காலியாகவே நிற்கும். உண்மையிலேயே யாருக்காவது ஏதாவது ஆனால், ‘இது ஒத்திகை இல்லை’ என்று மூன்று முறை கத்த வேண்டும், கத்தினால் பிணம் உட்பட எல்லோரும் எழுந்துவிட வேண்டும் என்று விதி.

எனக்குப் பெர்மனென்ட் கிடைத்தது. பதிலுக்காகக் கிடைத்ததா, பரிதாபத்துக்காகவா, மேனேஜரை அவ்வளவு சிரிக்க வைத்ததற்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பாவுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. சில வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், இந்தக் காலத்தில் பெர்மனென்ட் வேலை எப்படிக் கிடைத்தது, சிபாரிசா என்று கேட்டபோது, பெருமையாகச் சொன்னார்: “சிபாரிசெல்லாம் இல்ல. நான் விழுந்தேன், குடுத்துட்டாங்க.”

மாப்பிள்ளையின் அம்மா இரக்கத்தோடு, பிள்ளைகளுக்காகப் பெற்றவர்கள் யார் காலில் விழுந்தாலும் தப்பில்லை என்று ஆறுதல் சொன்னார்.

“காலுலயா? நான் ஏம்மா காலுல விழுறேன்? தரையில விழுந்தேன். மாப்பிள்ள வேணும்னா விசாரிச்சுக்கிடட்டும்.”

மாப்பிள்ளை விசாரித்தார், என்னிடமே. அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில்தான் சம்மதம் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது வேண்டுமென்றால் கேட்பதில்லை. ‘விழட்டுமா?’ என்பார்கள். போன லீவில் ஊருக்குப் போயிருந்தபோது என் மகள் சைக்கிள் வேண்டுமென்று கூடத்தின் நடுவில் தொப்பென்று விழுந்து கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தோம். அப்பா மட்டும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.