செக்கரின் மூன்று லிட்டர்

பாட்டில் மறுபடியும் காலி.

செக்கர் மூடியைத் திறந்து, கவிழ்த்து, குலுக்கிப் பார்த்தார். ஒரே ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது. காலையில் வேலைக்கு வந்ததும் வராததுமாக, முற்றத்தின் கோடியில் இருக்கும் குழாய்வரை நடந்துபோய், கழுத்துமுட்ட நிரப்பிக்கொண்டு வந்து வைத்த தண்ணீர். அதில் அவர் குடித்தது ஒரு மடக்கு. மீதி எங்கே போயிற்று என்று அவர் யாரையும் கேட்கவில்லை. பெட்டி கட்டும் மேசையருகே ஒட்டகம் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அது பீங்கான் சாமான்கள் கிடங்கு. வந்திறங்கும் ஒவ்வொரு கோப்பையையும் இடது கையில் தூக்கி, வலது கையில் இருக்கும் மரக்குச்சியால் தட்டி, காதோடு வைத்துக் கேட்பது செக்கரின் வேலை. நல்ல கோப்பை ‘ணங்’ என்னும். விரிசல் விட்டது ‘டொக்’ என்னும். ‘ணங்’கெல்லாம் பெட்டி கட்டுகிற ஒட்டகத்திடம் போகும். நாள் முழுக்க இரண்டு கையும் ஒழியாது. மேசையில் பாட்டில் வைக்கவும் கூடாது, அட்டைப் பெட்டி நனைந்துவிடும் என்பது சூப்பர்வைசரின் கட்டளை. எல்லார் பாட்டிலும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பலகையில்தான் நிற்கும். அவையும் நிறுவனமே ஆண்டுவிழாவில் கொடுத்தவை. ஒரே நீலம், ஒரே உயரம், ஒரே மூடி.

ஒட்டகத்துக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தண்ணீரைக் கண்டால் நின்றுவிடுவான். அவனுக்குக் கொடுத்த பாட்டிலை முதல் வாரமே பஸ்ஸில் தொலைத்துவிட்டு, அதற்காகத் துளியும் வருத்தப்படாமல் இருந்தான்.

வேறு சமயமாக இருந்தால் செக்கரும் தண்ணீருக்குப் போய் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. ஆனால் போன மாதம் ஊழியர்களுக்கெல்லாம் நடந்த மருத்துவச் சோதனையில், சிறுநீர் சாம்பிளைப் பார்த்துவிட்டு, அவர் சிறுநீரகத்தில் கல் இருப்பதாகக் கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். அடுத்த சோதனைக்குள் கல் வெளியேறாவிட்டால் கத்திதான். சவரக் கத்தியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிற மனிதர் செக்கர். அன்றிலிருந்து அவருக்குத் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை, உயிர்.

அந்த உயிரைத்தான் ஒருவன் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான்.

“ஏம்ப்பா, எனக்கு உடம்புல கல்லு இருக்கு. டாக்டர் குடிக்கச் சொன்ன தண்ணி இது” என்றார் செக்கர், கோபத்தை அடக்கிக்கொண்டு.

“எனக்கு எப்படிண்ணே தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எது கனமா இருக்கோ அதை எடுக்கிறேன்.”

“குழாய்க்குப் போறதுதானே?”

“அவ்வளவு தூரம் யாருண்ணே நடக்கிறது?”

திருடுகிறவன் முகத்தில் ஒரு வெட்கம் வேண்டாமா? இவன் முகத்தில் தாகம் தீர்ந்த நிம்மதிதான் இருந்தது. செக்கருக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்குக் குடிக்கவும் தண்ணீர் இல்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். அவள் பாட்டில் கழுத்தில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி, பூப்போல முடிச்சும் போட்டுக் கொடுத்தாள். கண் தெரியாதவனுக்குக்கூட இனி தெரியும் என்றாள்.

தெரிந்தது, சூப்பர்வைசருக்கு. பலகையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறது, ஒருத்தராவது கிடங்கின் மேல் அக்கறையோடு இருக்கிறாரே என்று செக்கரைப் பாராட்டினார். மறுநாளே ஒரு கட்டு சிவப்பு ரிப்பன் வாங்கிவந்து எல்லார் பாட்டிலுக்கும் கட்டச் செய்தார். முடிச்சு உட்பட எல்லாம் ஒரே மாதிரி. அன்று மாலை ஒட்டகம் வழக்கப்படி செக்கரின் பாட்டிலில் குடித்தான். செக்கர் அவசரத்தில் சூப்பர்வைசரின் பாட்டிலில் குடித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பாட்டிலைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைத்தால்தானே இந்த வம்பு? உடம்போடு இருந்தால் எவன் தொடுவான்? மனைவி தன் பழைய கைப்பையின் வாரை அறுத்து, பாட்டிலுக்கு உறை தைத்து, தோளிலிருந்து குறுக்காகத் தொங்கும்படி மாட்டிவிட்டாள். செக்கர் அரை நாள் ராஜாவாக நடந்தார். பிறகு கீழ்த்தட்டில் இருந்த கோப்பையை எடுக்கக் குனிந்தார். பாட்டில் முன்னால் பாய்ந்து, அடுக்கி வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டுகளின் நட்ட நடுவில் இறங்கியது. ‘ணங்’கும் கேட்கவில்லை, ‘டொக்’கும் கேட்கவில்லை. அது வேறு ஒரு சத்தம்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். தரையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார்.

“உடைஞ்சதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம். உடைக்கிறதுக்கு இல்ல.”

தப்பு யாருடையது? ஊரான் பாட்டிலில் வாய் வைத்தவன் ஓரமாக நின்று உச்சுக் கொட்டுகிறான். தன் தண்ணீரைத் தான் குடிக்க நினைத்தவன் துடைப்பத்தோடு சில்லு பொறுக்குகிறான். செக்கருக்கு அழுகை வந்தது. அழுதால் உடம்பில் இருக்கிற தண்ணீரும் போய்விடுமே என்று அடக்கிக்கொண்டார்.

அடுத்தது பெல்ட்டில் மாட்டும் கொக்கி. பாட்டில் ஆடவில்லை, அசையவில்லை, உண்மைதான். ஆனால் நிறைந்த பாட்டிலின் கனத்துக்குப் பெல்ட்டோடு சேர்ந்து பேன்ட்டும் மெல்ல மெல்ல இறங்கியது. கையில் கோப்பையும் குச்சியும் இருந்ததால் பிடிக்க வழியில்லை. சரக்குப் பார்க்க வந்திருந்த வியாபாரிகள் நாகரிகமானவர்கள், கூரையைப் பார்த்தார்கள். கொக்கி அன்றோடு ஓய்வு பெற்றது.

செக்கரின் மனைவிக்கு ஒரு தம்பி. மலை ஏறுவதும் சைக்கிளில் ஊர் சுற்றுவதுமாகத் திரிகிறவன். அக்கா வீட்டு அவஸ்தையைக் கேட்டு, முதுகில் மாட்டும் ஒரு பையைக் கொண்டுவந்தான். உள்ளே மூன்று லிட்டர் பிடிக்கும் தண்ணீர் உறை, அதிலிருந்து தோள்மேல் வளைந்து வாயருகே வரும் ஒரு குழாய்.

“கையே வேணாம் மாமா. தண்ணி முதுகுல, குழாய் வாயில. எவன் வந்து எடுப்பான்?”

செக்கருக்கு அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. இத்தனை நாள் அவனைத் தண்டம் என்று சொன்னதற்கு மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் கிடங்கே வாய்பிளந்து பார்த்தது. தட்டினார், கேட்டார், உறிஞ்சினார். தட்டினார், கேட்டார், உறிஞ்சினார். முதுகில் கனம் மளமளவென்று குறைந்தது. தண்ணீர் நன்றாக இறங்குகிறது, கல் இந்நேரம் நடுங்கிக்கொண்டிருக்கும் என்று பூரித்துப் போனார். மதியத்துக்குள் குழாய் கொரகொரவென்று காற்றை இழுத்தது. மூன்று லிட்டரும் முடிந்துவிட்டதா? அத்தனையும் உள்ளே போயிருந்தால் கழிப்பறைக்கு எத்தனை நடை நடந்திருக்க வேண்டும்? ஒருமுறைகூடப் போகவில்லையே. பை ஒழுகுகிறதோ என்று சட்டையைத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு ஒருநாள் பளபளவென்று மெருகேற்றிய பெரிய கறுப்புத் தட்டு ஒன்று சோதனைக்கு வந்தது. செக்கர் அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினார். தட்டில் அவர் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் இன்னொரு தலை தெரிந்தது. பையின் ஜிப் திறந்திருக்க, உறையின் வாய்க்குள் ஒரு நீண்ட உறிஞ்சு குழலை விட்டு, ஒட்டகம் கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தான்.

செக்கரின் தோள் துள்ளியது.

“அண்ணே, அசையாதீங்க. சட்டையில சிந்தும்” என்றான் ஒட்டகம் அக்கறையாக.

செக்கர் நேராகச் சூப்பர்வைசரிடம் போய் நியாயம் கேட்டார். ரிப்பனில் தொடங்கி உறிஞ்சு குழல் வரை சொல்லி முடித்தார். சூப்பர்வைசர் பொறுமையாகக் கேட்டார், யோசித்தார், தீர்ப்புச் சொன்னார்.

“எப்படியும் நீங்க குழாய்க்கு நடக்கத்தானே போறீங்க. அவனுக்கும் சேத்துப் பிடிச்சுட்டு வந்துட்டா பிரச்சனையே இல்லையே.”

இதுவா நியாயம்? ஆனால் அதற்கப்புறம் அப்படித்தான் நடந்தது. முதுகில் அவர் சுமந்தார், முன்னால் இருந்து அவரும் பின்னால் இருந்து அவனும் குடித்தார்கள். ஒட்டகத்தின் பங்கே எப்போதும் பெரிதாக இருந்தது. செக்கர் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு கோப்பையையும் ஒட்டகத்தின் மண்டை என்று நினைத்துத் தட்டினார். நல்ல கோப்பைகூட ‘டொக்’ என்றது.

சோதனை நாள் வந்தது. இந்த முறை எல்லாருக்கும் ஸ்கேனும் உண்டு என்றார்கள். ஒட்டகம் முதலில் உள்ளே போய்வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். செக்கர் உள்ளே போனார். குடித்தது பாதிகூட இருக்காது. கத்தி நிச்சயம். தன்னை மேசையில் படுக்கவைத்தால், வெட்ட வேண்டியவன் வெளியே உட்கார்ந்திருக்கிறான் என்று டாக்டரிடம் சொல்லிவிடத் தீர்மானித்திருந்தார்.

டாக்டர் கருவியை இடுப்பில் அப்படியும் இப்படியும் நகர்த்தினார். திரையைப் பார்த்தார், செக்கரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கல் இல்லை, இருந்த சுவடே இல்லை, கண்ணாடிபோல இருக்கிறது என்று கையைக் குலுக்கினார்.

செக்கர் தரையில் கால் பாவாமல் வெளியே வந்தார். வந்ததும், இத்தனை நாள் அடைத்துவைத்திருந்தது மடை திறந்தது.

“பாத்தியா? வாய்க்கு வந்த தண்ணியை நீ பிடுங்கிக் குடிச்சும், நான் கல்லைக் கரைச்சுட்டேன். என்னை ஆஸ்பத்திரியில படுக்க வைக்கப் பாத்தியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா? இனி ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, என் முதுகுல இருந்து நீ குடிச்சுடு பாப்போம்.”

ஒட்டகம் இடுப்பைத் தடவியபடி சிரித்தான். செக்கர் போட்ட சத்தத்தில் உள்ளிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். டாக்டரின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, செக்கரின் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“கோவிச்சுக்காதீங்க சார், போன தடவை நான்தான் உங்க ரெண்டு பேர் சாம்பிள் பாட்டில்லயும் பேரை மாத்தி ஒட்டிட்டேன். கல்லு இருந்தது அவருக்கு. நல்லவேளை, யாரோ ஒரு புண்ணியவான் விடாம தண்ணி குடுத்து அதை வெளியேத்திட்டாரு.”