கைகள் முதுகுக்குப் பின்னால்

டேப்லெட்டில் உடை வரையக் கற்றுக்கொள்பவர்களில் ஒரு ரகம் உண்டு. அவர்கள் வரைகிற பெண்கள் எல்லோருமே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "அது ஒரு ஸ்டைல்" என்பார்கள். நம்பிவிடாதீர்கள். விரல் வரைய வராது, அவ்வளவுதான். எனக்கு நன்றாகத் தெரியும்; அந்த ரகத்தில் முதல் வரிசையில் நிற்பவன் நான்.

எங்களை அடையாளம் காண்பது சுலபம். ஒரு கோடு ஒழுங்காக வருவதற்குள் இருநூறு தூரிகைகளை டவுன்லோடு செய்து வைத்திருப்போம், தொட்டது மூன்றைத்தான். ஒரே ஒரு பொத்தானைத் திரை முழுக்கப் பெரிதாக்கி அரை நாள் மினுக்கிவிட்டு, முழுப் படத்தையும் பார்க்கும்போதுதான் அது விலா எலும்புப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பது தெரியும். எல்லாவற்றையும் ஒரே லேயரில், அதாவது ஒரே அடுக்கில், வரைந்துவிட்டு, உதட்டுச் சாயத்தை அழிக்கப் போய் பாதி முகத்தையும் சேர்த்து அழிப்போம். பூப்போட்ட துணி வேண்டுமா? சுவரில் விளம்பரத் தாள் ஒட்டுவது போல அப்படியே ஒட்டிவிடுவோம். மடிப்பு வளையும், பூ வளையாது. யாராவது குறை சொன்னால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இதெல்லாம் திரைக்குள் இருக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. என் தங்கை மேற்கத்திய முறையில், நின்றபடி தோளில் வைத்து வயலின் வாசிக்கிறவள். ஏழு வருடம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தவளுக்கு முதன்முறையாகத் தனி மேடை கிடைத்தது.

"அண்ணா, டிரெஸ்ஸை நீயே வரைஞ்சு குடு" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாடு தூக்கம் மறந்து நான்கு நாள் வரைந்தேன். கருநீல உடை, உயர்ந்த கழுத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை உடம்போடு ஒட்டிய சட்டைக்கை. படத்தில் தங்கை அரசி மாதிரி நின்றாள். கைகள்? பின்னால்.

தையல்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. எதுக்குப் போடறது?"

"மேடையில நிக்கறதுக்கும்மா."

"கையைத் தூக்கினா எப்படி இருக்கும்? அப்படி ஒண்ணு வரைஞ்சு குடேன். அக்குள்ல எவ்வளவு துணி விடணும்னு தெரியணுமில்ல?"

கையைத் தூக்கினால் விரல் தெரிந்துவிடுமே!

"அதெல்லாம் வேணாம்மா. படத்துல இருக்கற மாதிரியே தைங்க."

"உன் இஷ்டம். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

படத்தில் இருந்த மாதிரியே தைத்தார். பொத்தானின் நிறத்தை நான் மூன்று தடவை மாற்றியதில், உடை வந்து சேர்ந்ததே நிகழ்ச்சி அன்று மதியம்தான். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். என்ன அழகு! பிறகு வயலினை எடுத்தாள். கை மார்பு வரை வந்து நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் முயன்றாள். உடை மொத்தமும் கழுத்துக்கு ஏறியது.

டேப்லெட்டில் இரண்டு விரலால் தட்டினால் செய்த தப்பு மறைந்துவிடும். அந்தப் பழக்கத்தில் என் தொடையைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

"அண்ணா, நான் என்ன வாசிக்கறேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, இரண்டு சட்டைக்கைகளையும் தோளோடு வெட்டி என் கையில் திணித்துவிட்டு, நூல் தொங்கத் தொங்க மேடைக்குப் போனாள். வாசித்தாள். சபையே அவள் விரல்களைத்தான் பார்த்தது. அந்த ஏழு வருடமும் அதே வீட்டில் இருந்த நானும் அன்றுதான் அவற்றை ஒழுங்காகப் பார்த்தேன்.

இப்போது தினமும் கை வரைகிறேன். வெண்டைக்காய்க் கட்டு மாதிரி வருகிறது. இருந்தாலும் முன்னால்தான் வரைகிறேன்.

என்ன, சிரிக்கிறீர்களா? 'நான் படமே வரைவதில்லை, எனக்கென்ன' என்கிறீர்களா? இருக்கட்டும். உங்கள் வேலையில் உங்களுக்கு வராத ஒன்றை யாராவது காட்டச் சொன்னபோது, "அது ஒரு ஸ்டைல்" என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், அந்தக் கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள், பார்ப்போம்.