வெள்ளை நாக்கு

"இந்த நாக்கோடயா கல்யாணம்? வேண்டாம் சாமி, தள்ளிப் போடுங்க" என்றார் சுடலைமுத்து வைத்தியர்.

நீட்டிய நாக்கை உள்ளே இழுக்க மறந்து நின்றான் பிச்சுமணி.

மட்டாஞ்சேரி மிளகுக் கம்பெனி குமாஸ்தாவுக்கு முப்பத்தெட்டு வயதில் பெண் கிடைப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? பாலக்காட்டு ஸ்வர்ணலதா சரி என்றுவிட்டாள். அவளுக்காக வாய்க்கால் கரையில் வெகுநாள் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைப் பிடித்து, குடியும் வந்தாயிற்று. பெண்ணின் அப்பா வெங்கிடேஸ்வரன்தான் முட்டுக்கட்டை. தன் இருமலைத் தீர்த்த சுடலைமுத்து, மாப்பிள்ளையின் நாக்கைப் பார்த்துச் சரி என்றால்தான் ஆவணியில் முகூர்த்தமாம்!

சுடலைமுத்து பினாங்கில் சீனர் மருந்துக்கடையில் இருபது வருஷம் தொழில் பழகியவர். நாடி பார்க்கமாட்டார். வாசலில் நின்றபடியே நாக்கை நீட்டச் சொல்வார்.

"வெள்ளையா, கொழகொழன்னு மாப் படிஞ்சிருக்கு. குளிரும் ஈரமும் உள்ள எறங்கிப்போச்சு. தயிர் ஆகாது, பச்சைத்தண்ணி ஆகாது."

தயிரை விடுவதற்கு உயிரை விடலாம். ஆனாலும் விட்டான் பாவி! வைத்தியர் மனைவி அழகம்மாள் கட்டிக் கொடுத்த சுக்கு, ஆரஞ்சுத்தோல் கஷாயத்தை இரண்டு வேளையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

அடுத்த வாரம் வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார். "மா இன்னும் தடிச்சிருக்கு."

பிச்சுமணி நாக்கை ரத்தம் வர வழித்தான். கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மிளகு மென்றான். ஆடிமாசக் கர்க்கடக மழைக்கு வீட்டில் கரியடுப்பு மூட்டி வைத்தான். விடிந்தால் கரி அணைந்து, கையால் பிழியலாம் போல ஊறிக் கிடந்தது. பாயில் அவன் படுத்த பாதி காய்ந்திருக்கும், மறுபாதி நனைந்திருக்கும். கூரையில் ஒழுக்கே இல்லை. யாரிடம் சொல்வது? சொன்னால் முகூர்த்தம் போச்சு. பயத்தைக் கஷாயத்தோடு சேர்த்து விழுங்கினான்.

மூன்றாம் வாரம் வைத்தியரின் முகம் வெளுத்துவிட்டது.

"நாக்கு வீங்கி, ஓரமெல்லாம் பல்லு பதிஞ்சிருக்கு. தண்ணியில ஊறின நாக்கு சாமி இது! எதுக்கும் மருந்தை இரட்டியாக் குடுங்க."

இரட்டித்ததில் பிச்சுமணியின் வயிறு எரிந்தது, வாய் வெந்தது. இதற்குள் வெங்கிடேஸ்வரனிடமிருந்து தந்தி: "நாளை வருகிறேன். வைத்தியர் பதில் தேவை."

அலறிப் புடைத்துக்கொண்டு வைத்தியர் வீட்டுக்குத் தனியாக ஓடினான். வைத்தியர் இடக்கொச்சிக்குப் போயிருந்தார். அழகம்மாள் மட்டும் மருந்து இடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களே நியாயம் சொல்லுங்கோ அழகம்மா! கண்ணாடியில பார்த்தா எனக்கு நாக்கு செக்கச்செவேல்னு இருக்கு. இவர் மட்டும் வெள்ளை, வெள்ளைங்கறார். என் கல்யாணத்தைக் கெடுக்கணும்னு என்ன வாசி, என்ன பிடிவாதம் இவருக்கு?" என்று அழாத குறையாகக் கேட்டு, நாக்கை நீட்டிக் காட்டினான்.

அழகம்மாள் உலக்கையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"உங்க நாக்குக்கு என்ன சாமி, நல்லாத்தானே இருக்கு! அவர் வாராவாரம் வெள்ளைன்னு சொன்னது உங்ககூட வந்து நீட்டுறவங்க நாக்கை. நீங்க கட்டிக்கப்போற அந்தம்மா பாவம், தலைமுடியில தண்ணி சொட்டச்சொட்ட இப்பவும் உங்க பின்னால நிக்கிறாங்க. அவங்க மருந்தையெல்லாம் நீங்களே குடிச்சுட்டா அவங்களுக்கு எப்படிக் கொறையும்?"