வேலம்பாளையத்தில் ஒரு புல்தரை

"ஏனுங்க பாய், அந்த லாரித் தண்ணியில எனக்கு ரெண்டு குடம் புடிச்சுக்கட்டுங்களா?"

கேட்டுக்கு வெளியே காலிக் குடங்களோடு நின்றிருந்தாள் பக்கத்து வீட்டு மருதாள். வேலம்பாளையத்தில் குழாய்த் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. பாரூக்கோ விலைக்கு வாங்கிய லாரித் தண்ணீரை வாசல் புல்லுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"புடிங்கம்மா, புடிங்க," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நாற்பது நாளுக்கு முன்பு பாரூக்கும் மனைவி ஜஹானாராவும் மகள் ஷாஸியாவின் ஊரில் நான்கு நாள் தங்கிவிட்டுத் திரும்பியபோது, வாசல் முழுக்கப் பச்சைப் புல் விரிந்து கிடந்தது. கேட்டைப் பூட்டும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அவர்களுக்குக் கல்யாணமாகி அது முப்பதாவது வருடம். ஜஹானாரா ரகசியமாக ஏற்பாடு செய்த பரிசு என்று பாரூக் புரிந்துகொண்டார். இதற்குத் தண்ணீருக்கு எங்கே போவது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் அவள் மனசு நோகக் கூடாதே!

"பிரமாதம்!" என்றார்.

"ஆமாங்க, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குதுங்க," என்றாள் அவளும்.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. போர்வெல் தண்ணீர் உப்பு. அதை விட்டதும் புல் மஞ்சளானது. லாரித் தண்ணீர் வரவழைத்தார். புல் செழித்தது, கூடவே புழுவும் வந்தது. மருந்தடித்தார். புழு செத்தது. தினமும் வந்து சண்டை போடும் மைனாக்கள் அதோடு அந்தப் பக்கமே வரவில்லை. காலனிப் பிள்ளைகள் மட்டும் வழக்கம்போலப் பந்தோடு வந்தார்கள். மருந்து பட்ட இடத்தில் புரண்டால் என்னாவது என்று பயந்து, 'உள்ளே வராதீர்கள்' என்று பலகை மாட்டினார். பிள்ளைகளும் போனார்கள்.

முன்பு அது வெறும் மண் வாசல்; ஓரத்தில் ஜஹானாரா வைத்த ஒரு மருதாணிச் செடி மட்டும் இருந்தது. பனியன் துணி வியாபாரம் தொடங்கிய புதிதில், மழையில் நனைந்த சரக்கையெல்லாம் புருஷனும் பெண்டாட்டியுமாக அங்கேதான் ஒரு பகல் முழுக்க உலர்த்தினார்கள். இரண்டு கையிலும் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு ஜஹானாரா தேங்காய் பன்னைப் பிய்த்து ஊட்டினாள். ஷாஸியா முதல் அடி வைத்தது அந்த மண்ணில். அவள் நிக்காஹ் பந்தல் போட்டதும் அங்கேதான். ரம்ஜான் மாலைகளில் நோன்புக் கஞ்சிக்காக அந்தத் தெருவே கிண்ணத்தோடு வந்து உட்காரும்.

இரண்டாவது குடத்தை இடுப்பில் ஏற்றிய மருதாள் நின்றாள்.

"முன்னெல்லாம் பொழுதோட இங்க வந்து அக்காகூடப் பேசிட்டு உக்காந்திருப்பனுங்க. இப்ப கேட்டைத் தாண்டறதுக்கே ரோசனையா இருக்குதுங்க பாய்."

அவள் போய்விட்டாள். பாரூக்கின் கையில் ஹோஸ் பைப் தொங்கியது.

அந்த நேரம் பார்த்து, முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு, மருந்தடிக்கும் டப்பாவோடு இருமியபடி வந்தாள் ஜஹானாரா.

"கீழ வையி ஜஹானா! போதும். உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் இத்தனை நாளும் பொறுத்துக்கிட்டேன். எனக்கு இந்தப் புல்லே புடிக்கல."

டப்பா நழுவியது.

"என் மனசா? நீங்க ஆசையாப் போட்டீங்கன்னுதானுங்க நான் வாயே தொறக்கல. என்ற மருதாணிச் செடியைப் புடுங்கிப் போட்டதுக்கு நாலு நாள் ஒளிஞ்சு ஒளிஞ்சு அழுதனுங்க!"

"நான் போட்டனா? நீயில்ல போட்ட!"

"நானா? நான் எதுக்குங்க போடறேன்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். முப்பது வருடத்தில் இப்படிப் பார்த்துக்கொண்டதே இல்லை. அப்புறம் இருவரும் சேர்ந்து புல்லைப் பார்த்தார்கள்.

வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. மண்வெட்டியோடு இறங்கிய ஆள், நர்சரிக்காரர் பூபாலன் என்று சொல்லிக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கங்க பாய், பின்தெரு டாக்டர் ஊட்டுக்குப் போட வேண்டிய புல்லை எங்க ஆளுங்க ஊடு மாறி உங்களுக்குப் போட்டுட்டாங்க, அவரு நேத்து துபாயிலிருந்து வந்து 'எங்கய்யா என்ற புல்லு'ன்னு கேட்டப்பத்தானுங்க எங்களுக்கே தெரிஞ்சுது!"