மொட்டைமாடிக் கேரட்டும் கத்தரிப் பூச்சியும்

"இனிமே இந்த வீட்டுக்குள்ள கடைக் கேரட் நுழையக் கூடாது!"

கார்த்திகை ஒன்றாம் தேதி, காலை பத்து மணிக்கு, அடுக்களை வாசலில் நின்று அறிவித்தேன். என் மனைவி உலகம்மை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பம் சாம்பாருக்கு என்னத்தப் போட?"

"நானே வளப்பேன். மொட்டமாடில. பழைய பெயிண்ட் வாளி, எண்ணெய் டின், எல்லாத்திலயும்."

"சவத்த விடுங்க. நம்ம ஊரு வெயில்ல கேரட் வளக்க ஆம்பளைகளுக்குப் பொறுமை பத்தாதுன்னு குளோரி டீச்சர் சொன்னா."

குளோரி டீச்சர் எங்கள் பக்கத்து வீடு. எனக்குப் பொறுமை இல்லையா? அந்த நிமிஷமே மாடிக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று மறந்து கீழே வந்தேன். ஞாபகம் வந்து மறுபடி ஓடினேன்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் நாகேந்திரன். முப்பத்தொரு வருஷம் ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலைக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஐப்பசியில் ரிட்டயர் ஆனேன். காற்றாலையாவது காற்று நின்றால் நிற்கும். நான் நிற்பதில்லை. முதல் வாரமே அடுக்களை டப்பாக்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கினேன். உளுந்துக்குப் பக்கத்தில் உப்பு. சீனி கடைசித் தட்டில். அன்றைக்குப் பாயசத்தில் உப்பு விழுந்தது. குக்கர் விசில்களை நோட்டில் குறித்தேன். "நேத்து நாலு, இன்னைக்கு மூணு, என்ன காரணம்?" என்று விளக்கமும் கேட்டேன்.

"இப்படி ஒரு நிமிசம் சும்மா இருக்காம வெப்ராளம் பிடிச்ச மனுசன நடுவுல விட்டுக்கிட்டு நான் எப்படி ஒரு தோரன் வைக்க?" என்று உலகம்மை சுவரிடம் கேட்டாள்.

அந்த வாரம்தான் என்னிடமும் ஒன்று கேட்டாள்.

"சும்மாதானே இருக்கீங்க. எனக்கு நம்ம ஸ்கூட்டர ஓட்டச் சொல்லித் தாருங்க."

கால் மணி நேரம் சிரித்தேன். "ஏட்டி, அம்பத்தி மூணு வயசுல உனக்கு ஸ்கூட்டரா? ஸ்டூல்ல ஏறினாலே சுவரப் பிடிக்கிற ஆளு. நீ விழுந்தா தூக்க எங்க கம்பெனி கிரேன்தான் வரணும்!"

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

கேரட்டுக்கு வருவோம். வீட்டில் ஒரு பாத்திரம் தப்பவில்லை. பெயிண்ட் வாளி ஆறு, எண்ணெய் டின் நாலு, பிடி போன குக்கர் ஒன்று. இராஜாக்கமங்கலத்திலிருந்து மீன் வந்த தெர்மகோல் பெட்டி ரெண்டும் வாங்கிவந்தேன். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எல்லாவற்றுக்கும் அடியில் ஓட்டை போட்டேன். வேகத்தில் உலகம்மை குளிக்கிற வாளிக்கும் போட்டுவிட்டேன். மணலும் மண்ணும் சாணிப்பொடியும் கலந்து நிரப்பி விதை தூவினேன்.

பத்து நாளில் முளைக்கும் என்று பாக்கெட்டில் இருந்தது. முதல் நாளே பதினேழு தடவை போய்ப் பார்த்தேன்.

முளைப்பதற்கு முன்னால் எறும்பு வந்தது. விதையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போனது. மறுபடி விதைத்தேன். முளைத்தது. நத்தை வந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பச்சைப் புழு வந்தது. வேப்பெண்ணெய் தெளித்தேன். அணில் வந்தது. பூண்டும் மிளகாய் வத்தலும் அரைத்துக் கரைத்து அடித்தேன். மேற்கேயிருந்து ஒரு காற்று. முழுக்க என் கண்ணிலேயே விழுந்தது. அரை மணி நேரம் மாடி பூரா ஓடினேன். அணில் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

உலகம்மை ஒரு நாளும் குறை சொல்லவில்லை. மோரும் தொப்பியும் மேலே வந்துகொண்டே இருந்தன. புது எதிரியைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

"இஞ்ச பாருங்க, வயல்ல இருந்து மயிலு வருதாம். குளோரி டீச்சர் வீட்டுக் கீரைய மொட்டையடிச்சிட்டுதாம்."

"மயிலா! என்ன செய்ய?"

"அது கண்ணுல பட்டாத்தானே வரும்? ரோட்டுப் பக்கம் மறைச்சிரலாம்."

பீரோவிலிருந்து எட்டு பழைய சேலைகள் வந்தன. நானே மூங்கில் நட்டு இழுத்துக் கட்டினேன். எண்பது மீட்டர் காற்றாலைக் கோபுரத்தில் போட்டுப் பழகிய முடிச்சு. போட்ட நானே அவிழ்க்க முடியாது. கட்டி முடித்தபோது எனக்குத் தெரிந்த உலகம் மேலே வானம், கீழே கேரட், முன்னால் சுங்குடி.

மறுநாள் காலையிலிருந்து ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் சத்தம். உறுமும். நிற்கும். உறுமும். "டப்" என்று விழும்.

மாடிப்படியில் நின்று சத்தம் கொடுத்தேன். "ஏட்டி உலகம்மை, யாரது?"

கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் வந்தது. மூச்சு வாங்கியது. "குளோரி டீச்சருக்க நாத்தனாரு. வண்டி ஓட்டிப் படிக்கா!"

"ஆளப் பாத்தா படிக்கிற மாதிரி தெரியல்லியே!"

"ஆளத்தான் நீங்க பாக்கலையே!"

மறுபடி ஒரு "டப்". நான் வாய்விட்டுச் சிரித்தேன். சும்மா இருக்க என்னால் முடியுமா? சேலைக்குப் பின்னாலிருந்தே கத்தினேன். "யம்மா! ஹேண்டிலப் பாக்காத, ரோட்டப் பாரு! ஆக்சிலேட்டர முறுக்காத, பைய குடு! கால ரெண்டயும் தூக்கி உள்ள வையி!"

வண்டி ஓடியது. தெருமுனை வரைக்கும் விழாமல் போன சத்தம் கேட்டது. எனக்கு ஒரு பெருமை. அதற்குப் பிறகு தினமும் பத்திலிருந்து பதினொன்று வரை களையெடுத்துக்கொண்டே வகுப்பு எடுத்தேன்.

ஒரு நாள் மோர் கொண்டுவந்த உலகம்மை கேட்டாள். "அந்தப் பிள்ளைக்கு எட்டு போட வரமாட்டேங்குதாம். அது எப்படீங்க?"

"இது ஒரு விஷயமா?" சாக்பீஸ் எடுத்துத் தரையில் பெரிய எட்டு வரைந்தேன். "திரும்புற பக்கம் பாக்கணும். கீழ பாத்தா போச்சு." நான் முன்னால், அவள் பின்னால், கையை நீட்டி ஹேண்டில் மாதிரிப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை எட்டு நடந்தோம்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. அவகிட்டச் சொல்லுதேன்" என்றாள்.

மார்கழிக் கடைசியில் எல்லாப் பூச்சியையும் ஜெயித்துவிட்டேன். இலைகள் முழங்கை உயரம். இனி கீழே போய் அடுக்களையைக் கவனிக்கலாம் என்று இறங்கினேன். மறுநாள் காலையில் பார்த்தால் மூன்று வாளியில் இலை பாதி இல்லை. ஒரே மட்டமாக, முடி வெட்டிவிட்ட மாதிரி.

"இது கத்தரிப் பூச்சியாக்கும்" என்றாள் உலகம்மை, ஒரு தண்டை எடுத்துப் பார்த்து. "ஆளு பக்கத்தில இருந்தா வராது. நீங்க கீழ இறங்கினா வந்திரும்."

கத்தரிக்காயில் வருகிற பூச்சி கேரட்டுக்கு எப்படி வந்தது? ஆராயக்கூட நேரமில்லை. நாற்காலியை மேலே கொண்டுபோய்ப் போட்டேன். ஒரு வாரம் இருந்தேன். பூச்சி வரவில்லை. ஒரு நாள் இறங்கினேன். வந்துவிட்டது! ஓடிப்போய் மறுபடி உட்கார்ந்தேன். இத்தனை புத்தியுள்ள பூச்சியை நான் கண்டதில்லை.

தை பிறந்து மூன்றாம் வாரம் அறுவடை. குளோரி டீச்சரைச் சாட்சிக்கு அழைத்தேன். ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சிலது விரல் கனம். சிலதுக்கு ரெண்டு கால். குக்கரில் வளர்ந்தது குக்கர் உருவத்திலேயே இருந்தது. எண்ணினேன்.

"இருபத்திரண்டு கேரட்!"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்கேன். இப்பமாவது தந்தீங்களே" என்றாள் உலகம்மை.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது கீழே தபால்காரர் மணி. நான்தான் ஓடிப்போய் வாங்கினேன். உறை உலகம்மை பெயருக்கு. பிரித்தேன். உள்ளே ஒரு கார்டு. அதில் உலகம்மையின் படம். டிரைவிங் லைசென்ஸ்.

படியேறி வருவதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. எட்டு சேலை. மூச்சு வாங்கிய பதில். இல்லாத நாத்தனார். தையல் மெஷின் டிராயரில் கிடக்கிற கத்தரி, அதுதான் பூச்சி. மூன்று மாதம் எனக்கு நன்றாகப் பூச்சி காட்டியிருக்கிறாள்.

"ஏட்டி! யாருக்க வண்டி?"

"டீச்சருக்க வண்டி."

"யாரு சொல்லித் தந்தா?"

"நீங்கதான். இன்ஸ்பெக்டர் எட்டு போடச் சொன்னாரு. காலே ஊனாமப் போட்டேன். யாரும்மா சொல்லித் தந்தான்னு கேட்டாரு. வீட்டுக்காரருன்னு சொன்னேன்."

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். வேறு கேள்வி வந்தது.

"விழுந்தியே, அடி கிடி பட்டுதா?"

"முட்டியில ரெண்டு தடவ. நீங்க மாடியில நின்னு சிரிச்சது கேட்டுது."

குளோரி டீச்சர் வானத்தைப் பார்த்தாள். நான் கேரட்டைப் பார்த்தேன். பிறகு என் ஸ்கூட்டர் சாவியை எடுத்து உலகம்மை கையில் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் அதில்தான் வடசேரிச் சந்தைக்குப் போனாள். அவள் திரும்பி வரும்வரை வாசலுக்கும் தெருவுக்கும் நாற்பது தடவை நடந்தேன். நேர்த்தியாக வளைத்து வாசலில் நிறுத்தினாள். கால் வைக்கிற இடத்தில் நாலைந்து காலிச் சாக்கும் ஒரு பெரிய சேனைக்கிழங்கும் இருந்தன.

"இது என்னத்துக்கு?"

"மாடியில வச்சு நடுங்க. சாக்குல சேனை நல்லா வருமாம். ஆனா பன்னி வந்து தோண்டுமாம். பக்கத்திலயே இருக்கணும்."

"மொட்டமாடிக்குப் பன்னி எப்படிட்டீ ஏறும்?"

"படி இருக்கில்லா?"

"செரி, எத்தன மாசப் பயிரு?"

"எட்டு."

"எட்டு மாசமா! அவ்வளவு நாளு எதுக்கு?"

உலகம்மை ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"குளோரி டீச்சர் காரு வாங்கியிருக்கா."