மாலை ஆறு மணிக்கும் பச்சை

பெருமதிப்புக்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கு இருவரும் சுகம். தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று தங்கை கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜெயித்துவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் நீங்கள் வந்திருந்தபோது, செடிகொடிகளின் எண்ணெயை மட்டுமே கலந்து நான் செய்த வாசனைத் தைலத்தை உங்கள் மணிக்கட்டில் தடவினேன். அப்போதுதான் கசக்கிய இலையின் வாசனை. நீங்கள் வாசலுக்குப் போய், “என்ன மாப்ளே, செருப்பு மாட்டுறதுக்குள்ள ஆளைக் காணோம்?” என்று கேட்டீர்கள். அதோடு விட்டீர்களா? காலையில் பூசினால் மாலை ஆறு மணி வரை அது நிற்க வேண்டும், இரண்டு மாதம் கெடு, தவறினால் என் பின்னறை தங்கையின் தையல் மெஷினுக்கு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்றே அவள் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என் அறையை அளந்துவிட்டாள்.

முப்பத்திரண்டு வருடம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான். சொட்டு சொட்டாக எண்ணி ஆரம்பித்தேன். இலை வாசனை லேசானது, முதலில் பறந்துவிடும்; கனமான ஒன்றோடு சேர்த்தால்தான் நிற்கும் என்று வெட்டிவேர் எண்ணெயைச் சேர்த்தேன். கொஞ்சம் தாராளமாகிவிட்டது. இலை போய் வேர் மட்டும் மிஞ்சியது. “தோட்டத்துல குழி தோண்டுனீங்களா?” என்றாள் உங்கள் தங்கை. அடுத்து மரப்பிசின், அவள் பதினோரு தும்மல் போட்டாள், எண்ணினேன். கடைசியில் எண்ணெய்க் கடைக்காரர் ஒரு காட்டுச்செடியின் பிசினைக் கொடுத்தார். கனமும் உண்டு, பச்சை அவரையை ஒடித்த வாசனையும் உண்டு. பச்சைக்குப் பச்சையே காவல். நாற்பது சொட்டுக்கு ஒரு சொட்டு கலந்து, மூன்று வாரம் இருட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், பின்னறை போதும்.

சோதனை நாள் வந்தது. காலை எட்டு மணிக்குச் சட்டைக் கையில் தடவிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு மோந்தால் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் தடவினேன். பத்துக்கும் இல்லை. தடவினேன். பன்னிரண்டு மணிக்குக் குப்பி காலி, மூக்கில் ஒரு வாசனையும் இல்லை. அறையைக் காலி செய்யலாம் என்று நான் அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தபோது, மின்சார மீட்டர் பார்ப்பவர் கேட்டுக்கு வெளியே நின்றபடி கேட்டார்: “சார், புல்லு வெட்டுறீங்களா? தெருமுனை வரைக்கும் வருது.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாசனை போகவில்லை ஐயா, அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்த என் மூக்குதான் மரத்துப்போயிருக்கிறது. உடனே தெருவைச் சுற்றி நடந்தேன். கட்டிப் போட்டிருந்த ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து என் சட்டைக் கையை மென்றது. தரச் சான்றுக்கு இதைவிட என்ன முத்திரை வேண்டும்? மாலை ஆறு மணிக்கு உங்கள் தங்கை என் அருகில் வந்து முகர்ந்து, “இருக்கு” என்றாள். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவள் எனக்குத் தந்த மிக நீண்ட பாராட்டு அது. ஆகவே பின்னறை என்னுடையது. ஐயமிருந்தால், அந்தச் சட்டைக் கையில் தேய்த்தெடுத்த இந்தத் தாளின் இடது மூலையை முகர்ந்து பார்க்கவும்.

அண்ணிக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி, தங்கள் முழங்காலுக்கு மீண்டும் ஒரு விசாரிப்பு.

இப்படிக்கு,
தோற்காத மாப்பிள்ளை

பி.கு.: ஆட்டுக்குப் பயந்து தபால் நிலையம் போகாததில் ஆறு நாள் தாமதம். வாசனை இன்னும் போகவில்லை. தைக்க வந்த துணியெல்லாம் அதே வாடை என்று இரண்டு பேர் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னறை எனக்கே என்று உங்கள் தங்கை மனமார ஒப்புக்கொண்டு, என் பாய், தலையணை, தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் அங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டாள். கூடத்துக்கு நான் வரக் கூடாதாம். செருப்பு மாட்டும் நேரத்துக்குள் இதைப் போகவைத்த கை உங்களுடையது ஒன்றுதான். அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வரவும்.